துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றி, உதவிச் செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவன் நான். கும்பகோணத்தில், நானே வரைபடம் போட்டு, கடைக்கால் தோண்டிய நாள் முதல் கூடவே நின்று கட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, 88 வயதான என் தாயார் அந்த வீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்துபோனது. நலம் விசாரிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். ‘பார்த்துப் போயிருக்கக் கூடாதா’ என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. எங்கே விழுந்தார், அந்த இடம் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்பதால், தங்கள் நாளிதழ் வழியாக அந்தப் பதிலைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

அந்தக் குளியலறைக்கு 1996-இல் சொரசொரப்பான சிமென்ட் தரைதான் போட்டிருந்தேன். 2012-இல் மகள் திருமணத்தை முன்னிட்டு வீட்டைப் புதுப்பித்தபோது, பழைய தரையைப் பெயர்த்தெடுக்கச் சோம்பி, அதன் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் பதித்தோம். கூடத்தின் தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்துவிட்டது. குளியலறையில் பழைய தண்ணீர்ப் போக்கு கெட்டுவிடும் என்பதால் அங்கே மட்டும் சிமென்டைக் கொத்தி எடுத்து, பழைய மட்டத்திலேயே டைல்ஸ் ஒட்டினோம். இரண்டு அங்குல இறக்கமாக இருந்தது இதனால் மூன்றரை அங்குலமாயிற்று. இரண்டு இடத்திலும் ஒரே வெளிர் சந்தன நிறம். மேலிருந்து குனிந்து பார்க்கும் மங்கிய கண்ணுக்கு அங்கே ஓர் இறக்கம் இருப்பதே தெரியாது. ‘பாத்ரூமுக்கும் எல்லாரும் இதைத்தான் சார் போடுகிறார்கள்’ என்றார் கடைக்காரர். நானும் பில் போடச் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தரை போடும்போது ஒப்பந்தக்காரரிடம் அத்தனை கேள்வி கேட்ட நான், என் வீட்டுத் தரை தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு டைல்ஸை நனைத்துக் காலால் தேய்த்துக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா அன்று நாலரை மணிக்கு எழுந்தார். எங்களை எழுப்பக் கூடாது என்று விளக்குப் போடவில்லை. இறக்கத்தில் கால் வைத்தபோது, முதல் நாள் இரவு வாளி நிரம்பி வழிந்த தண்ணீர் தரையில் அப்படியே நின்றிருக்கிறது. கால் நழுவியும் சமாளித்துக் கதவைத் தாழிட்ட அவர், மறுபடி தடுமாறியபோது கைக்கு எட்டியதைப் பிடித்தார். எட்டியது துண்டு மாட்டும் கம்பி. இரண்டு சிறிய திருகாணிகளும் அவற்றைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கட்டைகளும் சுவரிலிருந்து உருவிக்கொண்டு வர, கம்பியோடு விழுந்தார். உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. அவர் கதவை ஒட்டிக் கிடந்தார். தாழ்ப்பாளை உடைத்துத் தள்ளினால் கதவு அவர் முதுகில் இடிக்கும். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் பின்பக்கச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான். அதற்குள் 40 நிமிடம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் அந்தக் கம்பியை அம்மா கையிலிருந்து விடவில்லை. ‘சுவரைப் பேத்துட்டேன்டா’ என்பதுதான் என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

இப்படிச் சுவர்மேல் பழியைப் போட வேண்டிய இடத்தில் தம்மேல் போட்டுக்கொள்வது அம்மாவின் குணம் மட்டுமன்று. வயதானால் விழத்தான் செய்வார்கள் என்று இளையவர்களும், தம் கவனக்குறைவால்தான் விழுந்தோம் என்று முதியவர்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வயதில் பார்வை மங்கும், தசை தளரும், தடுமாறிய உடலைச் சட்டென்று நிமிர்த்திக்கொள்ளும் திறன் குறையும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் தடுமாற்றம் வேறு, விழுவது வேறு. தடுமாறியவருக்கு நம்பிப் பிடிக்க ஒன்று கிடைத்தால் அவர் விழுவதில்லை. தடுமாற வைத்த இறக்கத்தையும், பிடிக்க முடியாமற்போன கம்பியையும் அந்த வீட்டில் வைத்தது நாம்தான்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தங்கள் வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் உயிரிழக்கிறார்கள். தற்செயலாக நேரும் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இம்மரணங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் உள்ள நாடுகளில் நிகழ்கின்றன. உயிரிழப்போரில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி தாமாக எழுந்து நடமாடுவதில்லை. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு; 2021-க்கான மதிப்பீட்டில் இது 13.6 விழுக்காடாகி, கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நாம் இருக்கிறோம். சாலையில் தலைக்கவசம் அணியாதவரை நிறுத்தி அபராதம் போடுகிறோம். வீட்டுக்குள் நடக்கும் விபத்துக்குக் கணக்கும் இல்லை, கேட்பாரும் இல்லை.

பழைய வீடுகளே நல்லவை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் பூர்வீக வீட்டில் திண்ணைக்கு ஏறப் படி, ரேழியிலிருந்து கூடத்துக்கு ஒரு படி, முற்றத்தில் இறங்க ஒரு படி, கொல்லைப்புறம் போக இரண்டு படி; கிணற்றடிப் பாசியில் விழாதவர் எங்கள் குடும்பத்தில் குறைவு. ஆனால் முற்றத்தைச் சுற்றித் தூண்கள் இருந்தன. என் பாட்டி ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குக் கையை மாற்றி மாற்றியே கொல்லைப்புறம் வரை போய்வருவார். அந்தத் தூண்களில் அவர் கை பட்ட உயரத்தில் மட்டும் மரம் பளபளவென்றிருக்கும். கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் ஓடிவரவும் ஆளிருந்தது. இன்றைய வீட்டில் தூணுமில்லை, ஆளுமில்லை. விசாலமான கூடத்தின் நடுவில் பிடிமானம் எதுவுமின்றி, கண்ணாடிபோல் மினுக்கும் தரையில் ஒரு முதியவர் தனியாக நடக்கிறார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள்.

நிலைப்படியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசல் நிலைப்படியில் மகாலட்சுமி இருக்கிறாள் என்று வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம். அதை மூடநம்பிக்கை என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. வீட்டிலேயே கால் தடுக்கக்கூடிய இடம் எதுவோ, அதற்கு அடர்ந்த மஞ்சள் நிறமும் இடையிடையே சிவப்பும் கொடுத்திருக்கிறோம். பேருந்து நிலையத்தின் படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடிப்பதற்கும் இதற்கும் பயனில் வேறுபாடில்லை. உள்ளே இருக்கும் படிகளுக்கும் குளியலறை இறக்கத்துக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதுதான் குறை. இடிக்க முடியாத இறக்கத்தின் விளிம்பில் தரையோடு மாறுபடும் நிறத்தில் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை ஒட்டினாலே போதும். கால் அதைத் தேடி இறங்கும். எங்கள் வீட்டில் இப்போது கருஞ்சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறது. பார்வைக்கு நன்றாக இல்லை என்று என் மனைவிக்கு வருத்தம்தான்.

குளியலறையை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். துண்டுக் கம்பியைச் சுவரில் மாட்டுகிறவர் அது ஒரு துண்டைத் தாங்கினால் போதும் என்று மாட்டுகிறார். தடுமாறுகிறவர் அதில் தம் முழு எடையையும் போடுகிறார். கைப்பிடிக் கம்பி என்பது நூறு கிலோவை இழுத்தாலும் அசையாதபடி, காறையைத் துளைத்துச் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கி இறுகப் பிடிக்கும் ‘ஆங்கர் போல்ட்’ என்ற பெரிய திருகாணி போட்டு மாட்டப்பட வேண்டியது. இப்போது பலர் கட்டும் ஹாலோ பிளாக் சுவரில் உள்ளே வெற்றிடம் இருப்பதால் சாதாரணத் திருகாணி நிற்காது. அந்த இடத்தைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டு மாட்ட வேண்டும், அல்லது சுவரின் மறுபக்கம் தகடு வைத்து முறுக்க வேண்டும். கம்பியின் பருமன் ஒன்றே காலிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்தால்தான் சுருங்கிய கை அதை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும். மிகக் குறைந்தால் விரல் போகாது, மிகக் கூடினால் முழங்கை நழுவிச் சிக்கிக்கொள்ளும். எந்த உயரத்தில் மாட்டுவது என்பதற்குப் புத்தகத்தில் அளவு உண்டு. நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவை அங்கே நிற்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, அவர் கை தானாகப் போய்ச் சுவரில் பதிந்த இடங்களில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். நான்கு குறிகள் விழுந்தன. நான் மனத்தில் நினைத்து வைத்திருந்த இடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

குளிக்கும்போது உட்காரப் பலரும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொடுக்கிறார்கள். ஈரத் தரையில் அதன் மெல்லிய கால்கள் பிளந்துகொண்டு விரிவதைக் கவனித்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். கால்களின் அடியில் ரப்பர் குமிழ் உள்ள கனமான முக்காலியே ஏற்றது. சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமென்ட் திண்டு இன்னும் மேல். வாளித் தண்ணீரைக் குனிந்து மொண்டு ஊற்றுவதைவிட, உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் குழாய் நல்லது. எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொன்னால் எந்தத் தாயாரும் கேட்க மாட்டார். ஆகவே எண்ணெயைக் குளியலறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு, உள்ளங்காலைத் துணியால் துடைத்துவிட்டு உள்ளே போகச் சொல்லலாம். குளித்தவுடன் சீயக்காயோ சோப்போ போட்டுத் தரையைத் தேய்த்துவிடுவது வீட்டிலுள்ள அடுத்தவரின் வேலையாக இருக்க வேண்டும். வாசலில் கால்மிதி என்ற பெயரில் கிடக்கும் பழைய புடவைத் துண்டையும் சாக்கையும் எடுத்து எறியாமல் மற்றவற்றைச் செய்து பயனில்லை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்தும் நாணயத்தைச் செருகித் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு வேண்டும். தரையில் தாழ்வாகப் பதித்த கழிப்பறைக் கோப்பையில் குந்தி எழ முடியாதவருக்கு அதன்மேல் வைக்கும் இருக்கை மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது. அதன் கால்கள் ஆடாமல் நிற்கின்றனவா என்று வாங்குகிறவர் ஒருமுறை தாமே உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட வேண்டும்.

இவையெல்லாம் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்திலிருந்து ஒரு சான்று உண்டு. அங்குள்ள தாரனாகி வட்டாரத்தில் 842 வீடுகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஏறத்தாழப் பாதி வீடுகளில் மட்டும் படிகளுக்குக் கைப்பிடி, குளியலறைக் கம்பி, வெளி விளக்கு, வழுக்காத தரைப்பூச்சு போன்ற சாதாரண மாற்றங்களைத் தச்சர்களை வைத்துச் செய்துகொடுத்தார்கள். மாற்றம் செய்த வீடுகளில், விழுந்து காயம்பட்டு மருத்துவ உதவி தேவைப்பட்ட நிகழ்வுகள் 26 விழுக்காடு குறைந்தன. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வுக் குழுவின் 2023 அறிக்கையோ, இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறது: ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்குப் பிறர் உதவி தேவைப்படுகிறவர்கள் போன்றோரின் வீடுகளில் ஆபத்துகளை நீக்கினால் விழுவது 38 விழுக்காடு குறைகிறது; திடகாத்திரமான முதியோரிடம் அப்படிப் பெரிய பயன் தெரியவில்லை. ஆகவே எல்லா வீட்டையும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும் என்று நான் மன்றாடவில்லை. யார் வீட்டில் தளர்ந்துபோன முதியவர் இருக்கிறாரோ, யார் ஒருமுறை விழுந்துவிட்டாரோ, அந்த வீட்டில் நாளைக்கே வேலை தொடங்க வேண்டும்.

‘ஒருமுறை விழுந்துவிட்டாரோ’ என்று எழுதும்போது பேனா தயங்குகிறது. அம்மா அதற்கு முன் ஐப்பசியில் ஒருமுறையும், அதற்கும் முன்னால் கொலு வைத்த சமயத்தில் ஒருமுறையும் விழுந்திருக்கிறார். இரண்டையும் எங்களிடம் மறைத்துவிட்டார். மருத்துவமனையில் செவிலியர் கேட்ட பிறகுதான் சொன்னார். சொன்னால் கோயிலுக்குப் போகாதே, அடுக்களைக்குள் வராதே, கட்டிலிலேயே இரு என்று கட்டிப்போட்டுவிடுவோம் என்று பயந்திருக்கிறார். அவர் பயந்தது சரிதான். நான் அதைத்தான் செய்திருப்பேன். அப்படிச் செய்வது எவ்வளவு தவறு என்பதை உடலியக்கப் பயிற்சியாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நடக்காத காலில் தசை கரைகிறது; தசை கரைந்த கால் அடுத்த முறை இன்னும் எளிதில் மடங்குகிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது போன்ற, சமநிலையையும் கால்வலுவையும் பெருக்கும் பயிற்சிகளை வாரத்தில் சில நாள் விடாமல் செய்பவர்கள் குறைவாகவே விழுகிறார்கள் என்பதும் ஆய்வுகளில் உறுதிப்பட்ட ஒன்று.

மருந்துச் சீட்டையும் இந்த வகையில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி மறுபரிசீலனை செய்யச் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஆகியவை படுக்கையிலிருந்து எழுந்தவுடன் தலை சுற்ற வைக்கக்கூடும். சர்க்கரை நோய்க்கான மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரக்கூடும். தாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. எழுந்தவுடன் கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டு நிற்பது யாருக்கும் கெடுதல் செய்யாது. அதற்குக் கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படும் அளவில் இருக்க வேண்டும். சீர்வரிசையில் வந்த உயரமான தேக்குக் கட்டில் என்பதற்காக அதில் ஒரு மூதாட்டியை ஏற்றி இறக்குவது நியாயமில்லை. கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அடி தேய்ந்த ரப்பர் செருப்புக்கும் தரையில் புரளும் வேட்டி, புடவைக்கும் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இரவு வெளிச்சத்தைக் குறித்து ஒரு சொல். கட்டிலிலிருந்து கழிப்பறை வரையுள்ள பாதையில், முழங்கால் உயரத்துக்குக் கீழே மங்கலாக எரியும் இரண்டு சிறிய எல்.இ.டி. விளக்குகள் விடிய விடிய எரிந்தாலும் மின்கட்டணத்தில் தெரியாது. அம்மா விளக்குப் போடாமல் போனதற்குக் காரணம், சுவிட்சு அறையின் மறுகோடியில், கதவுக்குப் பின்னால் இருந்ததுதான். அதை அங்கே வைத்ததும் என் வரைபடம்தான்.

மாடிப்படியில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தெளிவாகவே இருக்கிறது: குடியிருப்பில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேலும், கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் கீழும் போகக் கூடாது. இடம் மிச்சமாகும் என்று இரண்டு படியைக் குறைத்து, மிச்சமுள்ளவற்றை உயர்த்திக் கட்டிய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது அதைவிட முக்கியம். மேலே டைல்ஸ் பதித்ததால் கடைசிப் படி மட்டும் குட்டையாகிப்போன வீட்டில் கால் அங்கேதான் ஏமாறும். மெருகிட்ட கிரானைட்டைப் படிக்குப் போடுவதைப் பற்றி நான் வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை. வாரந்தோறும் வரும் வீடு, மனைப் பக்கங்களில் அதன் படங்கள்தான் பெரிதாக இருக்கின்றன. அவற்றின் ஒரு மூலையில், வழுக்காத தரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தங்கள் நாளிதழ் நாலு வரி போட்டால் என்னைப் போன்ற பொறியாளர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. சுவரில் ஓட்டை போடக் கூடாது என்பது வீட்டுக்காரர்கள் பலரின் முதல் நிபந்தனை. ஒரு படம் மாட்டுவதற்கே அனுமதி கேட்க வேண்டியவர், குளியலறை டைல்ஸைத் துளைக்க எப்படிக் கேட்பார்? என் நண்பர் ஒருவர், காலி செய்யும்போது டைல்ஸை மாற்றித் தருவதாக எழுதிக்கொடுத்துத்தான் ஒரு கம்பி மாட்டினார். வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: நீங்களும் ஒருநாள் அந்த வீட்டுக்கே குடிவருவீர்கள், கம்பியை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அரசிடம் கேட்பதற்கும் சில உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கவும், இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் அறை வரை வருகிற அவர்கள், இன்னும் பத்தடி நடந்து குளியலறையையும் ஒரு பார்வை பார்த்து, கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், யார் வீட்டில் முதலில் வேலை செய்ய வேண்டும் என்பது ஊர்வாரியாகத் தெரிந்துவிடும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், நடைச்சட்டம் (வாக்கர்) முதலியவற்றை இலவசமாகத் தரும் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. நடைச்சட்டத்தைக் கொடுத்துவிட்டு, அது நுழையாத அகலத்தில் கழிப்பறைக் கதவை வைத்திருப்பது என்ன பயன் தரும்? கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டப்படவுள்ளன. கட்டும்போதே குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைப்பதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. கம்பி மாட்ட வேண்டிய இடத்தில் சுவரைத் திடமாக விட்டுவைப்பதற்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கட்டி முடித்த பிறகு செய்வதென்றால்தான் செலவு. கிண்டியில் 2024 முதல் இயங்கும் தேசிய முதியோர் நல மருத்துவமனை நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்துவேலை, குழாய்வேலை படிக்கும் பிள்ளைகளுக்கு அங்குள்ள வல்லுநர்களைக் கொண்டு இரண்டு நாள் வகுப்பு எடுத்தால், ஆங்கர் போல்ட் எங்கே, எவ்வளவு ஆழம் என்று தெரிந்த ஒரு கை ஒவ்வோர் ஊரிலும் இருக்கும். எங்கள் ஊரில் கம்பி மாட்ட வந்த முதல் ஆள் துண்டுக் கம்பிக்குப் போடும் அதே பிளாஸ்டிக் கட்டையைத்தான் பையிலிருந்து எடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

விழுந்துவிட்டவரை என்ன செய்வது என்பதையும் அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தக் கூடாது. இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகத் தெரிவது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருப்பது ஆகியவை இருந்தால் அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். எண்ணெய்க் கட்டுப் போட்டால் கூடிவிடும் என்று எங்களிடமும் இரண்டு பேர் அக்கறையோடு சொன்னார்கள். இடுப்பு முறிவில் அப்படிக் கடத்தும் ஒவ்வொரு நாளும் படுக்கைப் புண்ணுக்கும் நுரையீரல் சளிக்கும் இடம் கொடுக்கிறது. தனியாக இருக்கும் முதியவர்கள் பொத்தான் வைத்த சிறிய கைப்பேசியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளியலறைக்கும் போவது நல்லது. முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். சற்றுத் தாழ்வாக, தரையில் கிடந்தாலும் கண்ணில் படும்படி.

அம்மா இப்போது நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு கூடம் முழுதும் வருகிறார். குளியலறையில் சொரசொரப்பான டைல்ஸ் மாற்றி, கதவைத் திருப்பி, நான்கு சாக்பீஸ் குறிகளிலும் நான்கு கம்பிகள் மாட்டியாகிவிட்டது. முதல் வாரமே அவற்றில் மூன்றில் ஈரத் துண்டும் உள்பாவாடையும் தொங்கிக்கொண்டிருந்தன. கம்பி எதற்கென்று விளக்கிச் சொன்னேன். ‘சும்மாதானே இருக்கு’ என்றார். துண்டு காயப்போட அவருக்குத் தனியாக ஒரு நைலான் கொடி கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர் ஒருவர்,
கும்பகோணம்.